முதல் குரலுக்குப் பதில் கிடையாது

எங்கள் வீட்டில் யாரும் முதல் குரலுக்குப் பதில் சொல்வதில்லை. யார் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் வாயை மூடிக்கொண்டு காத்திருப்போம். அதே குரல் மறுபடியும் வந்தால்தான் "என்னா?" என்று கேட்போம். செத்தவர்களுக்கு ஒருமுறை கூப்பிடத்தான் சக்தி உண்டு, மறுபடி கூப்பிடும் தெம்பு உயிரோடு இருப்பவர்களுக்குத்தான் என்பது அம்மாவின் தீர்ப்பு. முதல் குரலுக்கே வாய் திறந்துவிட்டால் கூப்பிட்டவர்களோடு போக வேண்டியதுதான். மேல்முறையீடு கிடையாது.

இதனால் பட்ட பாடு கொஞ்சமல்ல. கிள்ளானில் எங்கள் தாமான் குடியிருப்புக்குச் சாப்பாடு கொண்டுவரும் மோட்டார்காரர்கள் வாசலில் நின்று "அக்கா!" என்று ஒரு குரல் கொடுப்பார்கள். உள்ளே அம்மாவும் நானும் சோபாவில் அமர்ந்தபடி அடுத்த குரலுக்காகக் காத்திருப்போம். அவர்கள் பொட்டலத்தைக் கேட்டில் மாட்டிவிட்டு, எங்கள் காதில் விழும்படி ஏதோ முணுமுணுத்துக்கொண்டு போவார்கள். அப்பா இருந்தபோது ஆரம்பத்தில் கேலி செய்தார். பிறகு அவரும் பழகிப்போனார். வேலை முடிந்து வந்து வாசலில் நின்று என் பெயரை ஒரே மூச்சில் இரட்டையாகச் சொல்வார். தொலைபேசிக்கு மட்டும் விதிவிலக்கு. அது ஓயாமல் அடித்துக்கொண்டே இருக்கிறது, பேய்க்கு அத்தனை பொறுமை ஏது என்பாள் அம்மா.

இப்படி ஒரு வீட்டிலிருந்து புறப்பட்டுப்போய், பிரிக்பீல்ட்ஸில் ஒரு தனியார் கல்லூரியில் மனிதத் தொடர்பியல் பாடம் நடத்துகிறேன். சிரிப்பு வருகிறது அல்லவா, எனக்கும் வரும். காலையில் கொம்யூட்டர் ரயிலில் கால் கடுக்க நின்றுகொண்டு போய், வெள்ளைப் பலகையில் அந்தப் பழைய படத்தை வரைவேன். இந்தப் பக்கம் சொல்பவர், அந்தப் பக்கம் கேட்பவர், நடுவே செய்தி, செய்தியின் மேல் குறுக்கும் நெடுக்குமாக இரைச்சல். கேட்பவரிடமிருந்து சொல்பவருக்கு வளைந்து திரும்பும் ஓர் அம்புக்குறிதான் பின்னூட்டம். அந்த அம்பு இல்லாவிட்டால் செய்தி பாதி வழியில் நிற்கிறது என்பேன். நம் இலக்கணக்காரர்கள் கூறியது கூறலைக் குற்றம் என்று வைத்தார்கள். தொடர்பியலில் அதுதான் பாதுகாப்பு. இரைச்சலில் ஒரு முறை தொலைந்தாலும் மறுமுறை போய்ச் சேரும் என்பதால்தான் ரயில் நிலையத்தில் ஒரே அறிவிப்பைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். இதைச் சொல்லும்போதெல்லாம் அம்மாவுக்கும் பாடநூலுக்கும் ஏதோ உறவு இருப்பது போல எனக்குள் சிரித்துக்கொள்வேன்.

சென்ற ஆண்டு ஒரு மாணவி கை தூக்கினாள். "மிஸ், நான் மெசேஜ் அனுப்பிட்டேன், புளூ டிக் வந்திருச்சு, ஆனா ரிப்ளை வரல. அப்போ அது கம்யூனிகேஷனா இல்லையா?"

"பதில் சொல்லாம இருக்கிறதும் ஒரு பதில்தான்" என்றேன். "மனுஷன் மனுஷனுக்கு எதையும் சொல்லாம இருக்கவே முடியாது. மூஞ்சியத் திருப்பிக்கிட்டாலும் அது ஒரு சேதி."

"அப்போ ரொம்ப டேஞ்சர் லா, மிஸ்" என்றாள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அந்தச் சமயத்தில்தான் அம்மா துணி காயப்போடும் கொடியை வீட்டின் பின்பக்கத்திலிருந்து முன் போர்ட்டிக்கோவுக்கு மாற்றியிருந்தாள். எங்கள் வீடு வரிசை வீடு. சமையலறைக்குப் பின்னால் சின்ன முற்றம், அதற்கப்பால் லோங்காங் சாக்கடை ஓடும் குறுகிய பின்சந்து, அதற்கும் அப்பால் அடுத்த வரிசை வீடுகளின் முதுகு. அந்த முற்றத்தில்தான் அம்மாவின் பாதி நாள் கழியும். அதை விட்டுவிட்டு, வாசலில் ஊர் பார்க்க உள்பாவாடையைக் காயப்போடுகிற ஆள் அல்ல அவள். பின்கதவுக்கும் பூட்டு விழுந்திருந்தது.

"என்னம்மா இது, புதுசா?"

துணியை உதறிக் கொடியில் போட்டபடி சொன்னாள். "பின்னால யாரோ கூப்புடுறாங்க."

"யாரு?"

"தெரியல. ஒரு தடவதான் கூப்புடுறாங்க. தோட்டத்துப் பேரச் சொல்லி."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அம்மாவின் அடையாள அட்டையில் ஒரு பெயர் உண்டு. அப்பாவும் உறவுக்காரர்களும் அதைத்தான் சொன்னார்கள். தோட்டத்துப் பெயர் வேறு. அம்மா சின்ன வயதில் ரப்பர்த் தோட்டத்தில் இருந்தபோது அங்கிருந்தவர்கள் வைத்த பெயர் அது. எனக்கே அது அரைகுறையாகத்தான் தெரியும். ரப்பர் போய்ச் செம்பனை மரங்களாகி, அதுவும் போய் வீடுகளாகி, ஆட்கள் திசைக்கொருவராகப் போன பிறகு அந்தப் பெயரைச் சொல்ல ஒருவரும் மிச்சமில்லை. இருந்தவர்களையெல்லாம் நாங்களே போய் எரித்துவிட்டு வந்தோம்.

கிளினிக்குக்கு அழைத்துப்போனேன். காதில் கருவி மாட்டிச் சோதித்த மலாய்ப் பெண் கட்டைவிரலைத் தூக்கி, "பாகுஸ் மாக்சிக், பாகுஸ்!" என்றாள். எழுபதைத் தாண்டியவளுக்கு என் காதைவிட நல்ல காது. செமினியில் இருக்கும் அண்ணனுக்குப் போன் செய்தேன். "வயசாச்சு லா, தனியா இருந்து இருந்து அப்படித்தான். இங்க கொண்டாந்து விடு" என்றான். அம்மாவிடம் சொன்னேன்.

"அங்க போனா மட்டும் விட்டுருவாங்களா?" என்றாள்.

அதற்கு மேல் அவள் வாதாடவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. எதற்கெடுத்தாலும் மல்லுக்கு நிற்கிறவள் சாந்தமாகிவிட்டாள். நல்ல புடவைகளைப் பிரித்துப் பக்கத்து வீட்டாருக்குக் கொடுத்தாள். ஊறுகாய் போடுவதை நிறுத்தினாள், யார் சாப்பிடப் போகிறார்கள் என்று கேட்டாள். ஒரு நாள் கல்லூரியிலிருந்து திரும்பியபோது மேசைமேல் பெரிதாக்கிச் சட்டம் போட்ட ஒரு படம் இருந்தது. கிள்ளானில் ஸ்டூடியோவுக்குத் தானே போய் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாள். பட்டுப் புடவை, நெற்றியில் விபூதி, லேசான புன்னகை.

"எதுக்கும்மா இது?"

"மாட்டுறதுக்குத்தான். படம் நல்லா இருக்கணும்ல? உங்கண்ணன் ஏதாச்சும் செல்ஃபிய மாட்டிருவான்."

திட்டினேன். கத்தினேன். அழுதேன் என்றும் சொல்லிவிடுகிறேன். அம்மா படத்தைச் செய்தித்தாளில் சுற்றி அலமாரியின் தலைமேல் வைத்தாள். பதில் சொல்லாதவரை தன்னை யாரும் கூட்டிப்போக முடியாது என்பதில் அவளுக்குச் சந்தேகமில்லை. ஆனால் எத்தனை நாள் வாயைக் கட்டிக்கொண்டிருக்க முடியும், தூக்கக் கலக்கத்தில் தவறிப்போய் ஒரு 'உம்' கொட்டிவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் அவள் பயம். என் பயம் வேறு. அம்மா இந்தப் பயத்தாலேயே செத்துப்போவாள் என்று நினைத்தேன். குரல் என்று ஒன்று இல்லவே இல்லை என்றும் நினைத்தேன்.

கல்லூரி விடுமுறை வந்தது. ஒரு பிற்பகல், மழைக்கு முன் வரும் அந்தப் புழுக்கத்தில், பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். அம்மா ஹாலில் கண்ணயர்ந்திருந்தாள். சுராவிலிருந்து அசர் தொழுகைக்கான அழைப்பு வந்து ஓய்ந்தது. பிறகு தெருவே ஒரு கணம் காலியானது போலிருந்தது. குழாயை மூடினேன்.

அப்போது வந்தது. அம்மாவின் தோட்டத்துப் பெயர். ஆண் குரலா பெண் குரலா என்று தெரியவில்லை. முதல் எழுத்து தொண்டையில் சிக்கி இழுபட்டு, இழுபட்டு, கடைசி எழுத்து திடீரென்று அவிழ்ந்து விழுந்தது. பின்சந்திலிருந்துதான். வெகு அருகில்.

அடுத்த குரலுக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். அம்மா சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்து, உதட்டின் மேல் விரலை வைத்து, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணில் பயத்தைவிட ஒரு நிம்மதிதான் அதிகம் தெரிந்தது. தனக்கு மட்டுமல்ல, எனக்கும் கேட்டுவிட்டது அல்லவா?

ஒருத்திக்குக் கேட்டால் அதை நோய் என்று சொல்லலாம். இருவருக்கும் கேட்டால் அது செய்தி. அனுப்பியது யாரென்று தெரியாத செய்தி. பின்னூட்டத்தைப் பற்றி வருஷக்கணக்காக வாய் கிழியப் பேசிய நான், பல்லைக் கடித்துக்கொண்டு நின்றிருந்தேன். படிப்பெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை.

அதற்கடுத்த நாட்களிலும் வந்தது. அசர் ஓய்ந்த பிறகுதான் பெரும்பாலும் வரும். ஒரு தடவைதான். பயம் கொஞ்சம் பழகியதும் எனக்குக் கோபம் வந்தது. என் அம்மாவைச் சாகடிக்கிற குரல் யாருடையது என்று பார்த்துவிடுவது என்று பின்கதவுச் சாவியை எடுத்தேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம்டி."

"பதில் சொல்ல மாட்டேன்மா. பார்த்துட்டு மட்டும் வரேன்."

"வாயத் தொறக்க மாட்டேன்னு என் தலமேல சத்தியம் பண்ணு."

செய்தேன். சந்துக்குள் இறங்கினேன். லோங்காங்கில் பாசி படிந்த நீர் அசையாமல் கிடந்தது. எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே இருந்த வீட்டின் சமையலறை ஜன்னல் வெகு நாளாக மூடியிருந்தது, இப்போது கண்ணாடிப் பட்டைகள் திறந்திருந்தன. யாரோ புதிதாகக் குடிவந்திருக்க வேண்டும். உள்ளே இருட்டு. கம்பிக்கு அருகே போய் எட்டிப் பார்த்தேன்.

இருட்டுக்குள் ஒரு முகம் இருந்தது. என் முகத்திலிருந்து ஒரு கை தூரத்தில். வயதான பெண் முகம். வலது பாதி கீழே வழிந்து நின்றுவிட்டது போலவும், இடது பாதி மட்டும் விழித்துக்கொண்டிருப்பது போலவும் இருந்தது. அந்த ஒற்றைக் கண் என்னைப் பார்த்து அகன்றது. வாய் கோணியது. கழுத்து நரம்புகள் புடைத்தன. உள்ளேயிருந்து எதையோ இழுத்துக் கொண்டுவருவதற்கு அந்த உடம்பு முழுவதும் பாடுபட்டது.

என்னைப் பார்த்து என் அம்மாவின் பெயரைச் சொன்னது.

நான் அம்மாவின் ஜாடை என்று எல்லோரும் சொல்வார்கள். அது எனக்கு அப்போது தோன்றவில்லை. சத்தியம் செய்த வாயோடு கல்லாய் நின்றேன். அந்தக் கண் பதிலுக்காக என் உதடுகளைப் பார்த்தது. கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு அதில் ஏதோ அணைந்தது. இரண்டாம் குரல் வரவில்லை.

தெருவைச் சுற்றி ஓடி அந்த வீட்டின் முன்வாசலுக்குப் போய் மணியடித்தேன். வழக்கம்போல இரண்டு தடவை. முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் கைக்குழந்தையோடு வந்து கதவைத் திறந்தாள். மூச்சு வாங்கியபடி பின்வீட்டுக்காரி என்று சொன்னேன், உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தாள்.

"மாமியார் சத்தம் போட்டாங்களா அக்கா? சாரிக்கா. ஜெஞ்சாரோம்ல தனியா இருந்தாங்க. ஸ்ட்ரோக் வந்திருச்சு, அதான் இங்க கூட்டியாந்துட்டோம். அந்த ஜன்னல்ல காத்து வரும்னு சாயந்தரமா உக்கார வப்பேன்."

"அவங்க ஒரு பேரு சொல்றாங்களே?"

"அது ஒண்ணுதான்கா மிச்சம். டாக்டர் சொன்னாரு, சில பேருக்கு இப்படித்தான், எல்லாப் பேச்சும் போயி ஒரே ஒரு சொல்லு நின்னுருமாம். பசிச்சாலும் அதான், வலிச்சாலும் அதான், பாத்ரூம் போவணும்னாலும் அதான். அப்படிப் பேரு உள்ளவங்க எங்க குடும்பத்துல யாருமே இல்ல. என் வீட்டுக்காரருக்கும் தெரியல. அது சும்மா சத்தம்தான்கா, அர்த்தம் ஒண்ணும் இல்ல."

"ஏன் ஒரு தடவ மட்டும்?"

"ஒரு தடவ சொல்றதுக்குள்ள மூச்சு முட்டிரும்கா. அப்புறம் ரொம்ப நேரம் ஆவும்."

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். ஆளைப் பார்த்துவிட்டேன், பேயில்லை, வாதம் வந்த ஒரு பாட்டி, வாயில் நின்றுபோன ஒரு வார்த்தை தற்செயலாக உன் பெயராக இருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை என்று மூச்சு விடாமல் சொன்னேன். அம்மா ஒன்றுதான் கேட்டாள்.

"எடது காது சோணை கிழிஞ்சிருக்கா?"

கிழிந்திருந்தது. தோடு போடும் இடம் இரண்டாகப் பிளந்து தொங்கியதை நான் பார்த்திருந்தேன்.

அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். தோட்டத்தில் இருவரும் அடுத்தடுத்த மர நிரையில் ரப்பர்ப் பால் வெட்டியவர்கள். கல்யாணமாகி ஒருத்தி கிள்ளானுக்கும் இன்னொருத்தி ஜெஞ்சாரோமுக்கும் போனார்கள். பெரிய தூரமில்லை, ஆனாலும் விட்டுப்போனது விட்டுப்போனதுதான். விடியாத இருட்டில் மரங்களுக்கு நடுவே ஒருத்தி இருக்கிறாளா என்று இன்னொருத்தி குரல் கொடுத்துப் பார்த்துக்கொள்வார்களாம். ஒரு நாள் அம்மாவின் பெயரை யாரோ கூப்பிட்டார்கள். அம்மா பதில் சொல்ல வாயெடுத்தபோது பின்னாலிருந்து பால் நாற்றமடிக்கும் ஒரு கை வந்து அவள் வாயைப் பொத்தியது. அந்தச் சினேகிதிதான். அவள் பக்கத்தில் இருக்கிறாள், அப்படியானால் கூப்பிட்டது யார்? இருவரும் மரத்தோடு மரமாக நின்றார்கள். இரண்டாம் குரல் வரவேயில்லை. ஒரு குரலுக்கு வாய் திறக்காதே என்ற சட்டத்தை எங்கள் வீட்டுக்குள் கொண்டுவந்தது அந்தக் கைதான்.

"அவளுக்குத் தெரியும்டி" என்றாள் அம்மா. "ஒரு தடவ கூப்புட்டா நான் வாயத் தொறக்க மாட்டேன்னு என்னவிட அவளுக்குத்தான் நல்லாத் தெரியும். தெரிஞ்சும் கூப்புட்டுருக்கா. இன்னொரு தடவ கூப்புட முடியல அவளால."

அப்புறம் இன்னொன்றும் சொன்னாள். "உசுரோட இருக்கிறவளப் பேயின்னு நெனச்சுட்டேனே."

அன்றிரவு நான் அதையே நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன். தெம்பு இல்லாதவர்களைச் செத்தவர்கள் கணக்கில் வைக்கிறது எங்கள் சட்டம். ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, மாதக்கணக்காக, தான் பேயாகிவிட்டதைத் தானே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள் அந்தப் பெண். பதில் சொல்லாததும் ஒரு பதில் என்று நான் வகுப்பில் சொல்லிச் சிரித்தேனே, அந்தப் பதில்தான் அவளுக்குப் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது.

மறுநாள் அம்மா குளித்து, கொடுத்ததுபோக மிச்சமிருந்த நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு, அப்பம் சுட்டு எடுத்துக்கொண்டு என்னோடு வந்தாள். சக்கர நாற்காலியின் எதிரே போய் நின்றாள். அந்த ஒற்றைக் கண் அம்மாவை மேலும் கீழும் பார்த்தது. பெயர் வரப்போகிறது என்று நான் காத்திருந்தேன். வரவில்லை. நல்ல நிலையில் இருந்த இடது கை மெல்ல எழுந்தது. நடுங்கிக்கொண்டே வந்து அம்மாவின் வாயைப் பொத்தியது.

மருமகள் பதறிப்போய் கையை எடுக்க வந்தாள். அம்மா வேண்டாம் என்று தலையசைத்தாள். அந்தக் கைக்குள்ளேயே அவள் அழுதாள்.

திரும்பி வரும்போது நான் சொன்னேன், "அடையாளம் காட்டுறாங்கம்மா. நீதானான்னு கேக்குறாங்க."

"இல்லடி. வாயத் தொறக்காதன்னு சொல்றா" என்றாள் அம்மா.

ஒரே கை, ஒரே அசைவு, பார்த்தவர்கள் இருவர், அர்த்தம் இரண்டு. அர்த்தம் செய்தியில் இல்லை, பெறுகிறவரிடம்தான் இருக்கிறது என்று என் பாடக்குறிப்பில் ஒரு வரி உண்டு. அதைத் தேர்வுக்கு முக்கியம் என்று அடிக்கோடிடச் சொல்வேன். அன்றைக்கு அந்த வரி எனக்குக் கொஞ்சமும் ஆறுதலாக இல்லை.

அதன்பிறகு அம்மா பெரும்பாலான பிற்பகல்களில் அங்கே போய் உட்கார்ந்தாள். தோட்டத்தில் யார் யாரைக் கட்டிக்கொண்டார்கள், யார் செத்தார்கள் என்று அவள் பேசிக்கொண்டேயிருப்பாள், மற்றவள் கேட்டுக்கொண்டிருப்பாள். எதிரே அம்மா இருக்கும்வரை அந்தப் பெயர் வாயிலிருந்து வரவே வராது என்று மருமகள் ஆச்சரியப்பட்டாள். "அப்போ அர்த்தத்தோடதான் சொல்றாங்களாக்கா?" என்று என்னிடம் கேட்டாள். எனக்கு என்ன தெரியும்? அம்மா வீடு திரும்பிச் சமையலறைக்குள் வந்ததும் பின்சந்திலிருந்து குரல் வரும்.

இங்கேதான் எனக்கு அம்மாவின்மேல் கோபம். இவ்வளவு தெரிந்த பிறகும் அவள் பதில் சொல்லவில்லை. குரல் வந்ததும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, தெருவைச் சுற்றி மறுபடியும் அங்கே ஓடுவாள். பத்தடி சந்துக்கு அப்பால் இருப்பவளுக்கு ஒரு 'என்னா' சொல்ல அவள் நாக்கு எழவில்லை.

"இங்கேருந்தே ஒரு வார்த்த சொல்லக்கூடாதாம்மா? பாவம், காத்துக்கிட்டு இருக்காங்க."

"வர மாட்டேங்குது. வாயி கட்டிக்குது" என்றாள். "அதான் ஓடுறேன்ல?"

ஓடினாள், உண்மைதான். ஆனால் ஜன்னலுக்குள் இருந்தவளுக்கு அந்த ஓட்டம் தெரியாது. அவள் பக்கத்தில் ஒவ்வொரு முறையும் முதலில் வந்து சேர்ந்தது மௌனம்தான்.

ஆனாலும் வீட்டில் உயிர் திரும்பியிருந்தது. துணிக்கொடி பின்முற்றத்துக்கு வந்தது. மாங்காய் வாங்கி ஊறுகாய் போட்டாள். செய்தித்தாள் சுற்றிய படம் மட்டும் அலமாரித் தலைமேலேயே இருந்தது. நான் எடுக்கச் சொல்லவில்லை. அதைத் தொடவே எனக்குப் பிடிக்கவில்லை.

கல்லூரி திறந்து கொஞ்ச நாளில் அந்தச் சினேகிதிக்கு இரண்டாம் முறை வாதம் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனவளை உடலாகத்தான் கொண்டுவந்தார்கள். மருமகள் அம்மாவையும் வாய்க்கரிசி போடச் சொன்னாள். வாழ்நாளின் கடைசி மாதங்களில் அம்மாவின் பெயரைத் தவிர வேறெதையும் சொல்லாத அந்த வாயில் அம்மா அரிசியைப் போட்டாள். போட்டுவிட்டுக் குனிந்து காதில் எதையோ சொன்னாள். என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அந்தக் குடும்பம் உறவுக்காரர் வீட்டில் சில நாள் இருந்துவிட்டு வருவதாகச் வீட்டைப் பூட்டிக்கொண்டு போனது. எதிர் ஜன்னலின் கண்ணாடிப் பட்டைகள் இறுக மூடியிருந்தன. ஒரு சனிக்கிழமைப் பிற்பகல், வானம் கறுத்துக்கொண்டு வந்தது. நானும் அம்மாவும் பின்முற்றத்தில் நின்று, மழைக்கு முன் துணிகளை அவசரமாக உருவிக்கொண்டிருந்தோம். சுராவில் அசர் ஓய்ந்தது.

அம்மாவின் பெயர் வந்தது.

அதே குரல். முதல் எழுத்து சிக்கி இழுபட்டு, கடைசி எழுத்து அவிழ்ந்து விழுந்தது. மூடிய ஜன்னலைப் பார்த்தேன். சந்தைப் பார்த்தேன். ஒரு பூனைகூட இல்லை. என் கை நிறையத் துணி. அம்மாவின் முகத்தைப் பார்த்தபோது அவள் என்ன செய்யப்போகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. துணிகளைப் போட்டுவிட்டு அவள் வாயைப் பொத்தப் பாய்ந்தேன்.

அதற்குள் அவள் பதில் சொல்லிவிட்டாள்.

"இரு, வரேன்!"

அது நான் அறிந்த அம்மாவின் குரல் இல்லை. மரங்களுக்கு அப்பால் நிற்கும் ஒருத்திக்குக் கேட்கும்படி, ஒரு சின்னப் பெண் உரக்கக் கூவுகிற குரல். சந்தில் மோதி அது எங்களிடமே திரும்பி வந்தது. பிறகு மழை விழுந்தது.

அவளை உள்ளே இழுத்துக் கதவைப் பூட்டினேன். "ஏம்மா பதில் சொன்னே? யாரு கூப்புட்டாங்கன்னு தெரியும்ல? தெரிஞ்சும் ஏன் சொன்னே?" என்று அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

அம்மா நனைந்த தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னாள். "உசுரோட இருந்தப்ப ஒரு தடவகூடச் சொல்லலியேடி."

அதன்பிறகு அந்தக் குரல் வரவில்லை. செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது, அம்புக்குறி வளைந்து திரும்பிவிட்டது, வட்டம் முடிந்தது என்று வகுப்பிலானால் சொல்லியிருப்பேன். இப்போதெல்லாம் அந்தப் படத்தை வரையும்போது பின்னூட்டத்தின் அம்பில் என் கை தயங்குகிறது. அது எங்கே போய் எதைத் தொடுகிறது என்று யாருக்குத் தெரியும்?

அம்மா நன்றாகத்தான் இருக்கிறாள். சாப்பிடுகிறாள், அண்ணனோடு போனில் சண்டை போடுகிறாள், பின்முற்றத்தில் பாட்டு முணுமுணுத்தபடி துணி காயப்போடுகிறாள். ஒன்று மட்டும் மாறிவிட்டது. இப்போது அவள் முதல் குரலுக்கே பதில் சொல்கிறாள். யார் கூப்பிட்டாலும், எங்கிருந்து கூப்பிட்டாலும், உடனே. சாப்பாடு கொண்டுவருகிறவர்கள் சந்தோஷமாக இருக்கிறார்கள்.

மாலையில் ரயிலிறங்கி வந்து கேட்டில் நின்று "அம்மா" என்று கூப்பிடுகிறேன். ஒரு தடவைதான். உள்ளேயிருந்து "வரேன்" என்று வந்துவிடும். என் குரலுக்கும் அந்த 'வரேன்'னுக்கும் இடையில் மூச்சு விடாமல் நிற்கிறேன். பதில் வராத ஒரு நாள் வரும். அன்றைக்கு இரண்டாம் முறை கூப்பிட எனக்குக் குரல் இருக்குமா என்று தெரியவில்லை.